டிசம்பர் 4 தெரியும், டிசம்பர் 9?

ஆண்டுதோறும் டிசம்பர் 4-ந் தேதி கடற்படை தினம். மும்பையில் காலம் தள்ளும் நம்மவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் பாண்டு வாத்தியம் முழங்கும். கடலில் நிற்கும் போர்க்கப்பல்களில் விளக்குத் தோரணம் கட்டியிருப்பார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, கடலை கொறித்தபடி லோக்கல் ரயிலைப் பிடித்து வீடு திரும்புவோம். 1971-ல் இதே நாள் இரவில் நமது ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தை நெருங்கித் தாக்கின. அந்த வெற்றியின் ஞாபகார்த்தம்தான் இந்த நாள். கொண்டாட வேண்டியதுதான். அதில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை.

ஆனால் இதே மாதம் 9-ந் தேதி என்ன நடந்தது என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் விழிக்கிறார்கள்.

எங்கள் கட்டடத்தில் பத்தாவது படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். கெட்டிக்காரன். 2017-ல் வந்த 'காஸி' என்ற திரைப்படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். போன டிசம்பரில் என்னிடம் வந்து, "தாத்தா, காஸியை நம்ம சப்மரீன்தானே முழுகடிச்சுது?" என்று கேட்டான். இல்லையப்பா, அது சினிமாவுக்காகச் சேர்த்த கதை, அன்று விசாகப்பட்டினத்தில் நமது நீர்மூழ்கி எதுவும் காஸியோடு சண்டை போடவில்லை என்றேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப ஹீரோ யாரு?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீர்மூழ்கிப் போர் என்றாலே நமக்குத் தளபதிகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். பெரிஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, தொப்பியைப் பின்னால் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சுடு!" என்று உத்தரவிடும் உருவம். முதல் உலகப் போரில் இந்தப் படத்தை உலகத்துக்கு முதலில் கொடுத்தவர் ஜெர்மானியத் தளபதி ஓட்டோ வெட்டிகன். 1914 செப்டம்பர் 22-ந் தேதி காலையில் முப்பது பேர்கூட இல்லாத யூ-9 என்ற சிறிய நீர்மூழ்கியைக் கொண்டு, ஹாலந்து நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் மூன்று பிரிட்டிஷ் குரூசர் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தார். ஒன்றரை மணி நேரத்துக்கு அதிகம் ஆகவில்லை. 1,459 பேர் செத்தார்கள். அன்று ஜெர்மனியில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆறு மாதம் கழித்து, 1915 மார்ச்சில், யூ-29 என்ற வேறொரு நீர்மூழ்கியில் போனவரை 'டிரெட்நாட்' என்ற பெரிய போர்க்கப்பல் முட்டி மூழ்கடித்தது. அவரும் போனார், கூட இருந்த எல்லாரும் போனார்கள். வெட்டிகன் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கூடப் போனவர்களின் பெயரை யார் கேட்டார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணி செய்தவர்கள் சுமார் 40,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. நாலு பேர் போனால் மூன்று பேர் வரமாட்டார்கள் என்று கணக்கு. எந்தத் தொழிலில் இந்தக் கணக்கை ஒத்துக்கொண்டு ஆள் சேருவான்?

வெட்டிகன் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் காஸி.

'காஸி' அமெரிக்காவில் கட்டிய நீர்மூழ்கி. 'டயாப்ளோ' என்ற பெயரில் 1945-ல் அங்கே சேவைக்கு வந்து, 1964-ல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குப் போனது. 1971 நவம்பர் 14-ந் தேதி கராச்சியிலிருந்து புறப்பட்டு, நமது தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அத்தனை தூரம் வந்து தாக்கக்கூடிய நீர்மூழ்கி அன்று அவர்களிடம் அது ஒன்றுதான். குறி, நமது விமானம் தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்'. விக்ராந்துக்கு அப்போது ஒரு கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. நொண்டிக் குதிரையைப் புலிக்குக் காட்டலாமா?

கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நீலகண்ட கிருஷ்ணன் என்பது முழுப் பெயர். நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிலேயே 1941-ல் வீரப்பதக்கம் வாங்கியவர். நம் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கும் ஒரு சந்தோஷம், மறைப்பானேன். ஆனால் அவர் அன்று செய்த காரியத்தில் துப்பாக்கியும் இல்லை, பெரிஸ்கோப்பும் இல்லை. குமாஸ்தா வேலை என்றே சொல்லலாம்.

விக்ராந்தை அந்தமான் தீவுகளில் ஓர் ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய் மறைத்துவிட்டார். பிறகு, விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது, இன்றோ நாளையோ வருகிறது என்று ஊரெல்லாம் நம்பும்படி செய்தார். எப்படி? விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் பெரிய அளவில் இறைச்சி, காய்கறி என்று ஆர்டர் கொடுத்தார்கள். கப்பற்படை துறைமுகத்துக்கு வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சந்தையில் ஒரு பெரிய ஆர்டர் விழுந்தால் எத்தனை காதுக்கு அது போகும் என்பது கொத்தவால்சாவடியும் தாதரும் பார்த்த நமக்குத் தெரியாதா? கறிகாய்க்காரனுக்குத் தெரிந்தால் கராச்சிக்குத் தெரிந்த மாதிரி என்று அவர் கணக்குப் போட்டார்.

'ராஜ்புத்' என்ற ஒரு பழைய டிஸ்ட்ராயர். ஓய்வு கொடுக்க வேண்டிய வயதை எட்டிவிட்ட கப்பல். அதைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் மாதிரி பேசச் சொன்னார்கள். பெரிய கப்பலுக்குத்தான் தேவைப்படும் சாமான்களைக் கேட்டு வானொலிச் செய்திகள் போயின. அவற்றோடு ஒன்று சாதாரண மொழியில், ரகசியக் குறியீடு எதுவும் இல்லாமல் போனது. விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, கவலைக்கிடமாக இருக்கும் தன் தாயாரின் உடல்நிலையை விசாரிப்பது போல ஒரு சொந்தச் செய்தி. கிருஷ்ணன் தன் நினைவுக் குறிப்புகளிலேயே இதை எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

'தாயார் சீரியஸ். உடனே புறப்படவும்.' பம்பாய்க்கு வந்த தமிழன் எவனுக்கு இந்தத் தந்தி வரவில்லை? தபால்காரர் கையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே மாட்டுங்கா அறைகளில் பேச்சு நின்றுவிடும். எனக்கு 1970-ல் வந்தது. ஆபீசில் லீவு கேட்டால், மேலதிகாரி சிரிக்கிறார். "போன மாதம்தான் இன்னொரு மதராசிக்கு அம்மா சீரியஸ். போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான்" என்கிறார். கெஞ்சி வாங்கிய நாலு நாள் லீவில் ரயிலேறி, மதராசில் இறங்கி, எழும்பூர் போய் மீட்டர்கேஜ் வண்டி மாறி, திருநெல்வேலியில் இறங்கி வீட்டுக்கு ஓடினால், அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் பெண் பார்க்கப் போகிறோம் என்றாள். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்த மூன்று நாள் ரயிலில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அப்புறம் நிஜமாகவே அந்தத் தந்தி வந்தபோது, போய்ச் சேர முடியவில்லை. அது வேறு கதை. தந்தி என்ற சேவையே 2013-ல் நின்றுவிட்டது.

ஆக, நீர்மூழ்கியை ஏமாற்றத் தேர்ந்தெடுத்தது என்ன? பொய்யான ஒரு தாயின் நோய். ஏன் அது பலிக்கும் என்று நினைத்தார்கள்? தாயார் சீரியஸ் என்றால் மாலுமி எந்தக் கட்டுப்பாட்டையும் மீறி விசாரிப்பான், அவன் தலையில் கை வைத்துக் கெஞ்சினால் கம்பியில்லாத் தந்திக்காரனும் இரக்கப்பட்டு அனுப்பிவிடுவான் என்பது எதிரிக்கும் தெரியும். எதிரிக்கும் தாயார் உண்டே. அந்தப் பொதுவான ஒன்றைப் பிடித்துத்தான் வலை பின்னினார்கள். நான் குறை சொல்லவில்லை. யுத்தத்தில் அது நியாயம்தான். விக்ராந்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மார்களுக்கு அது நிஜத் தந்தி வராமல் காத்தது.

டிசம்பர் 3-ந் தேதி யுத்தம் தொடங்கிவிட்டது. அன்று இரவு நடுநிசிக்குச் சற்று முன் ராஜ்புத் துறைமுகத்தைவிட்டு மறுபடி புறப்பட்டது. கால்வாய் முடியும் இடத்தில் நீரில் ஏதோ கலக்கம் தெரிகிறது என்று காவல் நின்றவன் சொன்னான். கப்பலின் தலைவர் இந்தர்சிங் ஆழ்வெடிகளைப் போடச் செய்துவிட்டு வேகமாக அப்பால் போனார். சிறிது நேரத்தில் பெரிய வெடிப்பு. பிரதமர் இந்திரா காந்தியின் வானொலிப் பேச்சைக் கேட்க விழித்திருந்த விசாகப்பட்டினத்து மக்கள், ஜன்னல்கள் அதிர, பூகம்பமோ என்று வெளியே ஓடிவந்தார்கள். பிறகு மீனவர்கள் மிதந்த பொருள்களைக் கண்டார்கள். காஸி துறைமுக வாயிலுக்கு வெளியே தரை தட்டிக் கிடந்தது. தளபதி ஸஃபர் முகமது கான் உட்பட உள்ளே இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 93 பேர் என்று பாகிஸ்தான் சொல்லுகிறது.

ராஜ்புத்தின் ஆழ்வெடியால் முழுகியதா, அது விதைத்த கண்ணிவெடியே அதற்கு எமனானதா, உள்ளே பாட்டரி வாயு வெடித்ததா என்று இன்றும் இரண்டு நாடுகளும் வாதாடுகின்றன. என்னைக் கேட்டால் இந்த வாதத்தில் பெரிய சாரம் இல்லை. விக்ராந்த் தப்பியது, அது நடந்த உண்மை. காஸி அந்த இடத்துக்கு வந்ததே கறிகாய் ஆர்டரையும் பொய்த் தந்தியையும் நம்பித்தான் என்றால், வெற்றி வெடிக்கு முன்பே கிடைத்துவிட்டது. பையன் கேட்ட ஹீரோ யார்? கிருஷ்ணன் ஒருவர். ராஜ்புத்தின் கம்பியில்லாத் தந்தி அறையில் விசையைத் தட்டிக்கொண்டிருந்தவன் இன்னொருவன். இரவில் கண் கொட்டாமல் நீரைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி ஒருவன். சினிமாவில் இவர்களுக்கு வேஷம் கிடைக்காது.

இனி டிசம்பர் 9.

அந்த டிசம்பரில் பம்பாயில் இருந்தவர்களுக்கு இருட்டடிப்பு மறந்திருக்காது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம். மோட்டார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்புச் சாயம். சைரன் ஊதினால் அறையில் எட்டுப் பேரும் சுவரோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். மேலே விமானம் வருமோ என்றுதான் எங்களுக்குப் பயம். கடலுக்கு அடியில் ஒன்று உலவுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது.

அதன் பெயர் 'ஹாங்கோர்'. பிரான்சில் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி. தளபதி அகமது தஸ்னீம். நடுவழியில் குளிர்சாதன இயந்திரம் கெட்டுப்போய், நமது கரைக்கு அருகிலேயே கடல்மட்டத்துக்கு வந்து, மீன்பிடி படகு போலப் பாவனை செய்துகொண்டு பழுது பார்த்ததாகப் பாகிஸ்தான் தரப்பில் சொல்கிறார்கள். துணிச்சல் என்றால் அதுவும் துணிச்சல்தான். எதிரி என்பதற்காக இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அந்தத் துணிச்சலில் பாதி, வெக்கையில் பானை போல் காய்ந்த இரும்புக் கூட்டுக்குள் குனிந்து அந்த இயந்திரத்தைச் சரி செய்த மெக்கானிக்குகளுடையது.

ஒரு நீர்மூழ்கி இருக்கிறது என்று அதன் வானொலிச் சத்தத்தை வைத்து நமது கடற்படை மோப்பம் பிடித்தது. அதைத் தேடிப் பிடிக்க 'குக்ரி', 'கிர்பான்' என்ற இரண்டு ஃபிரிகேட் கப்பல்களை அனுப்பியது. குக்ரியின் தலைவர் கேப்டன் மகேந்திரநாத் முல்லா. இரண்டு கப்பல்களிலும் இருந்தது பழைய சோனார்.

சோனார் என்றால் என்ன? நீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதிலாவது முட்டித் திரும்பி வரும் எதிரொலியைக் கேட்பது. கிணற்றில் குரல் கொடுத்துப் பார்ப்போமே, அதே தத்துவம். ஆனால் வெப்பக் கடலில் மேல் நீர் சூடாக இருக்கும், அடி நீர் குளிர்ந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் சத்தம் வளைந்துவிடும். அந்த மடிப்புக்குக் கீழே நீர்மூழ்கி பதுங்கிவிட்டால் மேலே இருப்பவனுக்குக் காது கேளாது. கீழே இருப்பவனோ தன் சத்தத்தை அடக்கிக்கொண்டு, மேலே போகிற கப்பலின் இயந்திர ஓசையை நிதானமாகக் கேட்டுக்கொண்டிருப்பான். வேட்டைக்குப் போனவன் தமுக்கடித்துக்கொண்டு போகிறான். மிருகமோ புதரில் மூச்சடக்கிக் காத்திருக்கிறது. அன்று ஹாங்கோரின் கருவி நம்முடையதைவிட அதிக தூரம் கேட்கக்கூடியதாக இருந்தது.

குக்ரியில் அன்று சோனாரின் கேட்கும் தூரத்தைக் கூட்ட ஒரு புதிய இணைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைக்காகக் கப்பல் மெதுவாகப் போக வேண்டியிருந்தது. நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் மெதுவாகப் போவது ஆபத்து என்று கடற்படைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்தேதான் போனார்கள். நல்ல கருவி இல்லாத குறையை, இருப்பதை வைத்து ஈடுகட்டப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நமது தொழிற்சாலைகளிலும் இதுதானே நடக்கிறது? இயந்திரத்துக்குக் காப்புத் தகடு இருக்காது. தொழிலாளியின் சாமர்த்தியத்தை நம்பி ஓடும். விரல் போனால், "கெட்டிக்காரன், பாவம்" என்பார்கள்.

இரவு சுமார் எட்டே முக்காலுக்கு மேல். டையூவுக்குத் தென்மேற்கே சுமார் நாற்பது கடல் மைல். ஹாங்கோர் முதலில் கிர்பானைக் குறிவைத்து ஒரு டார்பிடோ விட்டது, அது வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியின் அடியில் வெடித்தது. சில நிமிடங்களில் கப்பல் போய்விட்டது. உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் தடவை. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். ஆக 194 பேர்.

கேப்டன் முல்லா ஆட்களை வெளியே தள்ளிவிட்டார், தன் உயிர்காப்பு அங்கியையும் ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டார், கடைசியில் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி கப்பலோடு போனார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிதாகக் கொடுத்திருந்தாலும் தகும். நான் கேட்பது வேறு. அவர் தப்பியிருக்கக் கூடாதா? நாற்பத்தைந்து வயது. அனுபவம் முழுவதும் தலையில் இருந்தது. கப்பல்தலைவன் கப்பலோடு சாவதுதான் அழகு என்று நாம் கைதட்டும்போது, உயிரோடு வந்து விசாரணையில் உட்கார்ந்து, "எங்கள் காது செவிடாக இருந்தது, நல்ல சோனார் கொடுங்கள்" என்று ஒரு தலைவன் சொல்வதற்கு இடமில்லாமல் போகிறது. முல்லா தப்ப முயலாதது அவருடைய பெருந்தன்மை. அதில் நாக்கைப் போட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மையைப் பேசிப் பேசியே பழைய கருவியின் பேச்சை அடக்கிவிட்டோமோ என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

கிர்பான் உடனே நின்று நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கவில்லை என்று அந்நாளில் சிலர் ஏசினார்கள். இங்கேதான் வெட்டிகன் கதையில் நான் மிச்சம் வைத்ததைச் சொல்ல வேண்டும். 1914-ல் முதல் கப்பல் அடிபட்டபோது அதன் தலைவர், கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து மற்ற இரண்டு கப்பல்களையும் உதவிக்கு அழைத்தார். அவை நெருங்கி வந்து, நின்று, படகுகளை இறக்கின. நின்ற கப்பல் ஊசிமுனையில் குத்தி வைத்த வண்டு மாதிரி. வெட்டிகன் இரண்டாவதை அடித்தார்; பிறகும் மூன்றாவது விலகாமல் இருக்க, அதையும் அடித்தார். அதற்குப் பிறகு, கூட வரும் கப்பல் அடிபட்டாலும் பெரிய கப்பல்கள் நிற்கக் கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை உத்தரவு போட்டது. கண்ணெதிரே சிநேகிதன் முழுகிக்கொண்டிருக்க, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் சரி என்ற விதி அங்கே பிறந்தது. கிர்பான் விலகிப்போனது அந்த விதிப்படிதான். இல்லாவிட்டால் 194 என்பது நானூறை எட்டியிருக்கலாம். மறுநாள் 'கட்சால்' என்ற கப்பலும் வந்து தேடி, 6 அதிகாரிகளையும் 61 மாலுமிகளையும் கரை சேர்த்தார்கள். இரவு முழுவதும் அவர்கள் நீரில் என்னென்ன நினைத்திருப்பார்கள்! விலகிப்போன கப்பலில் இருந்தவர்களுக்கும் அந்த இரவு நீண்ட இரவாகத்தான் இருந்திருக்கும்.

விதியை மீறியவரும் உண்டு. 1942 செப்டம்பர் 12-ந் தேதி தென் அட்லாண்டிக்கில் 'லக்கோனியா' என்ற பிரிட்டிஷ் கப்பலை யூ-156 மூழ்கடித்தது. தளபதி வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன். மேலே வந்து பார்த்தால் நீரில் நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் தன் நேசநாடான இத்தாலியின் கைதிகளும் பலர். ஹார்ட்டன்ஸ்டைன் அவர்களை இழுத்து ஏற்றினார். பிரிட்டிஷ்காரன், இத்தாலிக்காரன், பெண், குழந்தை என்று பார்க்கவில்லை. மீட்க வருகிற கப்பலைத் தாக்கமாட்டேன், வாருங்கள் என்று இங்கிலீஷிலேயே வானொலியில் அறிவித்தார். செஞ்சிலுவைக் கொடியை விரித்துப் போட்டார். நாலாம் நாள் ஓர் அமெரிக்க விமானம் வந்து குண்டு போட்டது. அவர் படகுகளைக் கத்தரித்துவிட்டு முழுகிப் போனார். உடனே ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ், இனி யாரையும் காப்பாற்றக் கூடாது என்று உத்தரவு போட்டார். மறு வருஷம் மார்ச்சில் ஹார்ட்டன்ஸ்டைனும் ஆட்களோடு கடலுக்குப் போனார். அவர் மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையை யாரும் நினைப்பதில்லை. அந்த நாலு நாளைத்தான் நினைக்கிறார்கள்.

இன்னும் ஒரு கூட்டத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். அந்தப் போர்களில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி தள்ளியவர்கள், எண்ணெய் போட்டவர்கள், சமைத்தவர்கள் பலர் நம் நாட்டவர். லஸ்கர் என்பார்கள். சில்ஹெட், கோவா, கொங்கணக் கரை, குஜராத் என்று ஊரைவிட்டு வயிற்றுப்பிழைப்புக்கு வந்தவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பங்குதான் இவர்களுக்கு. டார்பிடோ அடிப்பதோ கப்பலின் வயிற்றில். வயிற்றுக்குள் வேலை செய்தவர்கள் இவர்கள். இரண்டாம் உலகப் போரில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் மாண்டார்கள். அவர்கள் பெயர் எழுதிய நினைவேடு எங்கே இருக்கிறது தெரியுமா? லண்டனில் தேட வேண்டாம். இங்கேயே, மஸ்ஜித் பந்தர் பக்கம், இந்திய மாலுமிகள் இல்லத்தில். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கும் அங்கேதான் நினைவுச் சின்னம். அந்த வழியாக முப்பது வருஷம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்வந்திருக்கிறேன். ஒரு நாள்கூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

இந்தப் பத்தியைப் படிக்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் சங்கக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கிறீர்கள், வையுங்கள். டிசம்பர் 9-ந் தேதி மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வைஸ் அட்மிரல் கிருஷ்ணனைப் பற்றிப் பேசுங்கள், முல்லாவைப் பற்றிப் பேசுங்கள். பேசி முடித்ததும் குக்ரியின் 194 பெயர்களையும் ஒருவர் நின்று வாசிக்கட்டும். குக், ஸ்டோக்கர், டெலிகிராபிஸ்ட் என்று அவரவர் வேலையோடு வாசிக்கட்டும். எத்தனை பொழுது ஆகிவிடும்? பையன்கள் கேட்கட்டும். அவர்களில் எவனாவது நாளைக்குக் கடற்படைக்கு விண்ணப்பம் போடுவான், போடட்டும். போகிற இடத்தில் கருவி எப்படி என்று கேட்கத் தெரிந்தவனாகப் போகட்டும்.

வசதியுள்ளவர்கள் குஜராத் பக்கம் போனால் டையூவுக்குப் போய் வாருங்கள். கடலைப் பார்த்த ஒரு மேட்டில் குக்ரியின் மாதிரி உருவத்தைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கராச்சியில் ஹாங்கோரையும் காட்சிப்பொருளாக வைத்திருக்கிறார்களாம். காஸி மட்டும் எங்கும் வைக்கப்படவில்லை. விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்கிறவர்களின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், சேற்றில், இன்றும் கிடக்கிறது. அந்த 93 பேரின் தாய்மார்களுக்குத் தந்தி வந்ததோ, யாராவது நேரில் போய்ச் சொன்னார்களோ. அந்தத் தந்தியாவது பொய்யாக இருக்கக் கூடாதா என்று அவர்களும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மாலுமியோட அம்மா அப்புறம் பொழச்சாங்களா தாத்தா?" என்றான். எந்த மாலுமி என்றேன். "தந்தி அடிச்சாரே, அவர்" என்றான். அப்படி ஒரு மாலுமியே இல்லையடா என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.